காய்ச்சல் கணக்கு எழுதுகிறவர்கள்

திண்டுக்கல் நகரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலோரம் நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்கள் நிற்கும். ஆத்தூர் காமராஜர் அணை, பேரணைத் திட்டம், காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று பல பக்கமிருந்து தண்ணீர் கொண்டுவந்தும், வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஊர் விடவில்லை. ட்ரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பினால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி.

மூடி சரியாகப் பொருந்தாத ஒரு ட்ரம் போதும், ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் இந்தக் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடி வருகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மறுபடி ட்ரம் நிரம்பியதும் பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை ட்ரம்மைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும்.

கையில் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களைத் திண்டுக்கல் மக்கள் நன்றாக அறிவார்கள். "அம்மா, ட்ரம்மைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்பார்கள். "போன வாரந்தான் கழுவுனேன் தம்பி" என்று பதில் வரும். ட்ரம் திறக்கப்படும், வெளிச்சம் உள்ளே விழும், புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றப்படும். புழு இருந்ததா, இல்லையா என்பது ஒரு தாளில் ஏறும்.

அந்தத் தாள் எங்கே போகிறது? அதை யார் படிக்கிறார்கள்? அங்கேதான் நோய்க் கண்காணிப்பு என்ற அறிவியல் தொடங்குகிறது. மருத்துவரை நோயாளிக்குத் தெரியும். ஊசி போட்ட நர்ஸைத் தெரியும். ரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியனைக்கூட நினைவிருக்கும். ஆனால் ஓர் ஊரின் காய்ச்சல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைத்துப் படிக்கும் தொற்றுநோயியல் வல்லுநர், நுண்ணுயிரியலாளர், பூச்சியியல் வல்லுநர், தரவு மேலாளர் ஆகியோரை நோயாளி பெரும்பாலும் சந்திப்பதில்லை. அவர்களுக்கு நோயாளி என்பது ஒரு தெரு, ஒரு கிராமம், சில சமயம் ஒரு மாவட்டம்.

ஒரு காய்ச்சல் எந்த வழியாகப் போகிறது?

இந்திய அரசு 2004 நவம்பரில் உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அடிப்படை எளிமையானது. மூன்று படிவங்களில் அடங்கிவிடும். கிராம சுகாதாரச் செவிலியர் தன் பகுதியில் பார்க்கும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை, நோயின் பெயர் தெரியாவிட்டாலும், அறிகுறியை வைத்து எழுதுவது எஸ் படிவம். மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து, இது இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது பி படிவம். ஆய்வகம் சோதித்து உறுதி செய்து எழுதுவது எல் படிவம். சந்தேகம், அனுமானம், உறுதி என்று மூன்று படிகள். வாரத்துக்கு ஒருமுறை தாளில் போய்க்கொண்டிருந்த இந்தக் கணக்கு, 2021 ஏப்ரல் 5-ம் தேதி நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தின் வழியாக இப்போது கணினியிலும் கைபேசியிலும் அன்றன்றே ஏறுகிறது.

பொது சுகாதாரத் துறையின் நிர்வாகத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக்குள் திண்டுக்கல், பழனி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள் உண்டு. துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து வரும் எண்கள் அங்கே சேருகின்றன. 

எண்கள் வந்து குவிந்தால் போதாது. அவற்றை வாசிக்கத் தெரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தச் சமவெளியில் காய்ச்சல் கூடுவது வழக்கம். அதனால் நவம்பரில் ஓர் ஊரில் 30 பேருக்குக் காய்ச்சல் என்றால் அது வழக்கமான அளவாகவே இருக்கலாம். அதே ஊரில் ஏப்ரல் மாத வெயிலில் 10 பேருக்குக் காய்ச்சல் என்றால் உடனே வண்டி எடுக்க வேண்டியிருக்கலாம். இந்த வாரத்தைப் போன வாரத்தோடும், போன வருடம் இதே வாரத்தோடும் ஒப்பிட்டு, எது வழக்கம், எது வழக்கத்தை மீறியது என்று சொல்வதுதான் தொற்றுநோயியல் வல்லுநரின் முதல் வேலை.

கூடுதல் எண் என்றால் கூடுதல் ஆபத்து என்றும் எப்போதும் பொருளில்லை. அரசுக் கணக்குப்படி 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு உறுதியானவர்கள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் பெரிதும் பாதிக்கப்பட்டது அந்த வருடம்தான். 2017-ல் உறுதியானவர்கள் 23,294 பேர், இறந்தவர்கள் 65 பேர். நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கு ஆகியும் இறப்பு ஏறவில்லை. பரவல் கூடியதா, சோதனை கூடியதா, சிகிச்சை மேம்பட்டதா என்று பிரித்துப் பார்க்காமல் முதல் எண்ணை மட்டும் வைத்துப் பயந்தாலும் தவறு, இரண்டாவது எண்ணை மட்டும் வைத்து ஆறுதல் அடைந்தாலும் தவறு.

ஆய்வகத்தில்

டெங்கு என்ற சந்தேகம் வந்ததும் மக்கள் பெரும்பாலும் தனியார் ஆய்வகத்தில் அட்டைச் சோதனை செய்துகொள்கிறார்கள். சில நிமிடங்களில் கோடு விழுந்துவிடும். அரசு அதை உறுதியான டெங்கு என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வகத்தில் செய்யும் எலிசா சோதனை வேண்டும் என்கிறது. "ரிசல்ட்தான் வந்துவிட்டதே, ஏன் மறைக்கிறார்கள்?" என்ற கோபம் இங்கிருந்துதான் பிறக்கிறது. விரைவு அட்டைகளின் துல்லியம் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் தேசிய வழிகாட்டுதலே இப்படி வகுத்திருக்கிறது. அட்டையில் பாசிட்டிவ் என்றால் டெங்குவாக இருக்கலாம். எலிசாவில் பாசிட்டிவ் என்றால் உறுதி.

எலிசாவிலும் நாள் கணக்கு உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் என்.எஸ்.1 புரதத்தைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு, உடல் உண்டாக்கிய ஐ.ஜி.எம் எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். எந்த நாளில் காய்ச்சல் தொடங்கியது என்று படிவத்தில் எழுதாமல் அனுப்பிய ரத்த மாதிரி, எந்தச் சோதனைக்கு உரியது என்று தெரியாமல் நிற்கும். நோயாளியிடம் "எந்தக் கிழமை சாயங்காலம் முதல்ல சுட்டுச்சு?" என்று திருப்பித் திருப்பிக் கேட்பது வீண் வேலை அல்ல.

இன்னும் அரிய நோய்களுக்கு மாதிரி நெடுந்தூரம் போக வேண்டும். ஒரு குழந்தையின் கையோ காலோ திடீரென்று தொய்ந்துபோனால், இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்ற 2014-க்குப் பிறகும், 14 நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து அனுப்பியாக வேண்டும். சென்னை கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இந்தச் சோதனைகளைச் செய்துவந்த ஆய்வகங்களில் ஒன்று. நோய் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கே தொடர்ந்து தேடிக்கொண்டிருக்க வேண்டும். தேடாத ஊரில் நோய் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தேடியதால் கிடைத்த செய்திகளில் தமிழ்நாடு மறக்கக்கூடாத இரண்டு உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் வைரஸ் இங்கே இருக்கிறதா என்று பார்க்கும்படி பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னார். இந்தியாவில் அந்த நோய் இல்லை என்றே பெரும்பாலோர் நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் நேரில் போய் ரத்த மாதிரி சேகரித்தார். மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்தார். வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் வைரஸுக்கான அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டாவது, 1992. அக்டோபரில் சென்னையில் காலராவைப் போலவே கடுமையான வயிற்றுப்போக்கு பரவியது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, பெரும் பரவல்களை உண்டாக்கிவந்த ஓ1 வகைக்கான சோதனையில் பிடிபடவில்லை. "காலரா இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆராய்ந்தபோது அது ஓ139 என்ற புது வகை என்று தெரிந்தது. ஓ1 அல்லாத காலராக் கிருமி பெரும் பரவலை உண்டாக்கியது அதுவே முதல் முறை. சில மாதங்களில் கொல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் அது போய்விட்டது.

தெருவில்

அலுவலகத்தில் வாசிப்பது ஒரு பாதி. மறு பாதி தெருவில்.

ஒரு கிராமத்தில் அடுத்தடுத்து நாலைந்து பேருக்கு மஞ்சள் காமாலை என்று செவிலியர் பதிவு செய்தால், குழு கிளம்பும். முதலில் இது மஞ்சள் காமாலைதானா என்று உறுதி செய்வார்கள். அடுத்து, யாரை நோயாளி என்று எண்ணுவது என ஒரே வரையறையை வகுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பெயர், வயது, தெரு, நோய் தொடங்கிய தேதி, குடித்த தண்ணீர், சாப்பிட்ட விசேஷம் எல்லாம் ஒரு பட்டியலாகும். நோயாளிகளின் வீடுகளுக்கு வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். தேதிவாரியாகக் கட்டம் போட்டு வரைவார்கள். கட்டங்கள் சட்டென்று உயர்ந்து சட்டென்று இறங்கினால், எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே மூலத்திலிருந்து நோய் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

மஞ்சள் காமாலையில் ஒரு கடினம் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். இன்று கண் மஞ்சளானவர் போன மாதம் குடித்த தண்ணீரைத்தான் தேட வேண்டும். போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "ஊர்த் திருவிழாவுக்கு முன்னாலயா, பின்னாலயா?", "மோட்டார் ரிப்பேர் ஆச்சே, அப்ப எங்க புடிச்சீங்க?" என்று கேட்டால் நினைவு வரும். மக்களின் நாட்காட்டி தெரிந்த சுகாதார ஆய்வாளருக்கே இந்தக் கேள்வி வாயில் வரும். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் சுகாதார ஆய்வாளர் படிப்பு நடத்தப்பட்டுவருவது திண்டுக்கல் பகுதிக்குக் கிடைத்த பெரும் பலம்.

குடிநீர்க் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்ப்பதும் இவர்கள் வேலை. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வழியில் எங்கோ உடைப்பு அல்லது சாக்கடைக் கலப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். குடிநீரில் சாக்கடை கலந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1955-56 டெல்லி சாட்சி. யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் கழிவு கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதை உண்டாக்கியது ஹெபடைடிஸ் இ வைரஸ் என்பது, பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

பூச்சியியல் வல்லுநரின் கணக்கு வேறு. நூறு வீடு பார்த்ததில் எட்டு வீட்டில் ஏடிஸ் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த நூறு வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் மொத்தம் 12 என்றால் பிரிட்டோ குறியீடு 12. எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம் என்பதும் எழுதப்படும். ஒரு பகுதியில் ட்ரம், இன்னொரு பகுதியில் ஆட்டுரல், வேறொரு பகுதியில் பழைய டயர் என்று வித்தியாசம் தெரிந்தால், எல்லாத் தெருவிலும் புகை அடிப்பதை விட்டு, உரிய தெருவில் உரிய பாத்திரத்தைக் குறிவைக்கலாம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். ட்ரம்முக்குள் இருக்கும் புழுவை அது தொடாது.

நடந்து போகும் கூட்டத்தோடு

திண்டுக்கல்லுக்கென்றே ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகத் திரள் திரளாக நடக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், திறந்த வெளியில் தூக்கம். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கெட்டால் நோய் பழனியில் தெரியாது. பக்தர்கள் ஊர் திரும்பிய பிறகு காரைக்குடியில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று சிதறித் தெரியும். ஒரே தொட்டியில் குடித்தவர்கள் பத்து ஊர் மருத்துவமனைகளில் தனித்தனி நோயாளிகளாகப் படுத்திருப்பார்கள். அவர்களை இணைக்கும் சரடு கண்காணிப்பு ஒன்றுதான். திருவிழாக் கூட்டத்தின் சுகாதாரத்துக்கென்றே தனி அத்தியாயம் வகுத்த சட்டம், 1939-ம் வருடத்து சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். நாட்டுக்கே முன்னோடியான அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட நோய்களைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்குவதும் அதுவே. 2024 நவம்பரில் பாம்புக்கடியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த இந்த மாவட்டத்துக்கு அது நல்ல செய்தி. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் கடி என்று தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் கேரளத்துக்குப் போய் வருகின்றன. அதனால் அங்கே பரவும் நோயையும் இங்கே கவனிக்க வேண்டும். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது அதை விரைவில் கண்டுபிடித்தது எப்படி? ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஒரே மாதிரியான நோய் வந்ததைக் கவனித்த தனியார் மருத்துவமனை மருத்துவர்கள், இது வழக்கமான மூளைக்காய்ச்சல் அல்ல என்று சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பியதால்தான். அந்தச் சந்தேகம் வராமல் போயிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

விட்டுப்போகும் இடம்

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தனியார் மருத்துவத்தின் பக்கம்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறோம். அடுத்து தெருமுனை கிளினிக். அங்கும் தீராவிட்டால் மதுரை. அரசு மருத்துவமனையின் கணக்கில் மட்டும் கண்ணை வைத்திருந்தால் ஊரின் காய்ச்சலில் பெரும் பங்கு பார்வைக்கே வராது.

இதற்கு வழி இருக்கிறது என்று 1980-களிலேயே காட்டியவர் அதே டாக்டர் ஜேக்கப் ஜான். வட ஆற்காடு மாவட்டத்தில் அரசு மருத்துவர்களையும் தனியார் மருத்துவர்களையும் ஒன்றாகச் சேர்த்து, சந்தேகத்துக்குரிய நோயைக் கண்டதும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடச் செய்தார். வந்த செய்திகளைத் தொகுத்து, ஓர் இதழாக அச்சிட்டு, அட்டை எழுதிய மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். எழுதியதற்குப் பயன் இருக்கிறது என்று தெரிந்ததால் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். 1998-ல் லான்செட் மருத்துவ இதழ் இந்த முறையை வளரும் நாடுகளுக்கு உரிய முன்மாதிரியாக வெளியிட்டது. அஞ்சலட்டைக்குப் பதில் இன்று கைபேசி வந்துவிட்டது. எழுதியவருக்குப் பதில் சொல்லும் அந்தப் பண்பு எல்லா மாவட்டத்திலும் வேரூன்ற வேண்டும்.

இன்னொரு ஓட்டை, முகவரி. வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில் காய்ச்சல் வந்தவர் மதுரையில் அக்கா வீட்டில் தங்கி மருத்துவமனையில் சேர்கிறார். சீட்டில் அக்கா வீட்டு முகவரியைக் கொடுக்கிறார். டெங்கு உறுதியானதும் செய்தி மதுரைத் தெருவுக்குப் போகிறது; பணியாளர்கள் அங்கே போய்த் தேடுகிறார்கள். கிராமத்தில் கொசுப்புழு இருக்கும் தொட்டி அப்படியே இருக்கிறது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் வருகிறது.

யார் வரலாம் இந்த வேலைக்கு?

மருத்துவம் படித்தால்தான் இந்தத் துறைக்கு வர முடியும் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். விலங்கியல் படித்தவருக்குப் பூச்சியியல் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொது சுகாதாரப் பூச்சியியலில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. நுண்ணுயிரியல் படித்தவருக்கு ஆய்வகம் இருக்கிறது. புள்ளியியலும் கணினியும் படித்தவருக்குத் தரவு இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001 முதல் களத் தொற்றுநோயியலில் பயிற்சி தருகிறது. பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பும் அங்கே உண்டு. கணக்கில் பிடிப்பும், வெயிலில் நடக்கத் தெம்பும், முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் மனமும் இருந்தால் இது நல்ல வேலை.

இந்த வேலை வெற்றி பெற்றால் நோய் பரவாது; பரவாத நோய் செய்தியாவதும் இல்லை. அதனாலேயே இந்தப் பணியிடங்களை நிரப்புவதும், ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு நிலையான வேலை தருவதும் பரவல் வந்த பிறகு நினைவுக்கு வரும் காரியமாகிவிடக் கூடாது. நிதி ஒதுக்குகிறவர்கள் இதைக் கருத வேண்டும்.

படிப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மெடிக்கல் ஷாப்போடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். எந்த ஊர் மருத்துவமனையில் சேர்ந்தாலும், காய்ச்சல் வந்தபோது நீங்கள் இருந்த வீட்டின் முகவரியையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் சொல்லுங்கள். தெருவில் ஒரே நேரத்தில் பலருக்கு நோய் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 எண்ணுக்கோ தகவல் கொடுங்கள். டார்ச் லைட்டோடு வாசலில் ஒருவர் வந்து நின்றால் அவரை உள்ளே விட்டு, ட்ரம்மைத் திறந்து காட்டுங்கள்.